ராஜா அம்பட்டில் பத்து நாள்: எங்கே தங்குவது, எப்படிக் கடலில் இறங்குவது, எதை விட்டுவிடுவது

கேள்வி: நானும் மனைவியும் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். ஆளுக்குப் பதினைந்து டைவ் ஆகியிருக்கிறது. இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளுக்குப் போக ஆசை. பத்து நாள்தான் கையில் இருக்கிறது. டைவிங் கப்பலில் போகும் அளவுக்குப் பணம் இல்லை. ஊர்க்காரர்களின் வீட்டில் தங்கி, அந்தக் கடலுக்குக் கெடுதல் செய்யாமல் பார்த்துவிட்டு வர முடியுமா?

பதில்: முடியும். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இரண்டு: நீரோட்டமும் படகுக்கான பெட்ரோலும். எந்த நேரத்தில் எங்கே இறங்கலாம் என்பதை நீரோட்டம் முடிவு செய்யும். எவ்வளவு தூரம் போகலாம், அதற்கு என்ன செலவாகும் என்பதைப் பெட்ரோல் முடிவு செய்யும். இந்த இரண்டையும் கணக்கில் வைக்காமல் இணையப் படங்களைப் பார்த்துப் பட்டியல் போட்டால், பத்து நாளில் பாதி படகிலேயே கழியும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பப்புவாவின் மேற்கு முனையை ஒட்டி, நிலநடுக்கோட்டின் மேலேயே கிடக்கும் 1,500-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும்தான் ராஜா அம்பட். வைகியோ, பதந்தா, சலாவத்தி, மிசூல் ஆகிய நான்கும் பெரிய தீவுகள். 2022 கடைசியில் பிரிக்கப்பட்ட தென்மேற்கு பப்புவா மாகாணத்துக்குள் வருகிறது. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீர் இந்தத் தீவுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மிதவை உயிர்கள் அதோடு வருகின்றன, அவற்றைத் தேடி மீன்கள் வருகின்றன. 550-க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. 2012-இல் மீனியல் அறிஞர் ஜெர்ரி ஆலன் க்ரி தீவின் கிழக்கு முனையில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணினார். நீங்கள் பார்க்கப் போகிற அத்தனையையும் கொண்டுவந்து சேர்ப்பது அந்த நீரோட்டம்தான். புது டைவர்களைத் திணறடிப்பதும் அதுதான்.

எங்கே தங்குவது? வைகியோவுக்கும் பதந்தாவுக்கும் நடுவே இருக்கும் டாம்பியர் நீரிணைப் பகுதியிலேயே இருந்துவிடுங்கள். க்ரி, மன்சுவார், காம், ஆர்போரெக் ஆகிய தீவுகள் இதற்குள் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படகில் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். பெயர் பெற்ற டைவ் இடங்களில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. தெற்கே இருக்கும் மிசூல் அருமையான இடம்தான். ஆனால் அது தனிப் பயணம். பத்து நாளில் இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகும். வடமேற்கு மூலையிலுள்ள வயாக் தீவுகளை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். க்ரியிலிருந்து போக மட்டுமே பல மணி நேரம் திறந்த கடலில் படகோட வேண்டும், பெட்ரோல் செலவு பயமுறுத்தும். நில உரிமை உள்ள கிராமத்தார் அந்தப் பகுதியை மூடிவைக்கும் காலங்களும் உண்டு. அதே மாதிரியான சுண்ணாம்புக்கல் குன்றுக் காட்சி பியாய்னெமோவில் கிடைக்கிறது. முன்னூறு சொச்சம் மரப்படி ஏறினால் போதும்.

தங்குமிடம் என்றால் ஹோம்ஸ்டேதான். பப்புவாக் குடும்பங்கள் தங்கள் சொந்தக் கரையில், தண்ணீருக்கு மேலோ மணலிலோ, மரத்தாலும் கீற்றாலும் கட்டிய குடில்கள். உள்ளே ஒரு மெத்தை, கொசுவலை, ஒரு பல்பு இருக்கும். குளியலறை பல இடங்களில் பொதுவானது: தொட்டியில் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு குவளை. ஜெனரேட்டர் மாலை ஆறு மணிவாக்கில் ஓட ஆரம்பிக்கும். சில வீடுகளில் நள்ளிரவில் நிறுத்திவிடுவார்கள். கேமரா, டைவ் விளக்கு எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். பிளக் பாயிண்டுகள் குறைவு, அதனால் இரண்டு உருண்டைக் கம்பி உள்ள பிளக்கோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 முதல் 6 லட்சம் ரூப்பியா ஆகும். சோறு, மீன், கங்குங் கீரை, முட்டை, டெம்பே என்ற சோயாக் கட்டி, சம்பல் இவைதான் சாப்பாடு. மீன் சாப்பிடாதவர்கள் அதை வந்து இறங்கிய பிறகு சொன்னால் பயனில்லை. காய்கறியும் டெம்பேயும் சொரோங் நகரிலிருந்தோ, தீவுகளுக்கான துறைமுகமான வைசாயிலிருந்தோதான் வர வேண்டும். பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வைசாயில் இறங்கியதும் சந்தையில் உங்களுக்கு வேண்டியதை வாங்கிக் கையில் கொடுங்கள். அவர்கள் சந்தோஷமாகச் சமைத்துத் தருவார்கள்.

ஹோம்ஸ்டேயைத் தேர்ந்தெடுக்கும்போது குடிலின் அழகைவிட இன்னொன்றைப் பாருங்கள். அங்கேயே, அல்லது நடக்கும் தூரத்தில், டைவ் சென்டர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் உங்களை ஏற்றிப் போக வரும் படகுக்கு நீங்கள்தான் பெட்ரோல் போட வேண்டும். மலிவான அறை என்று போனவர்களுக்குக் கணக்கு உதைப்பது இங்கேதான். எல்லா டைவ் சென்டரும் ஒரே தரமல்ல என்பதும் முக்கியம். கேட்க வேண்டியவற்றைக் கீழே சொல்கிறேன்.

காலம்: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை தெற்குக் காற்று வலுத்து, சிறு படகுகள் நீரிணையைக் கடக்கச் சிரமப்படும், தண்ணீரும் கலங்கும். மழை எந்த மாதமும் வரும். புயல் இந்த அட்சரேகையில் வருவதில்லை. கடல்நீர் 27 முதல் 30 டிகிரி, மூன்று மில்லிமீட்டர் உடை போதும். மாதத்தை முடிவு செய்த பிறகு நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாட்களில் ஏற்றவற்றம் பெரிது, நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டித் தணியும். உங்கள் அனுபவத்துக்கு முதல் நான்கு டைவ் நாட்கள் அஷ்டமிப் பக்கம் விழுமாறு டிக்கெட் போடுங்கள். செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

போகும் வழி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா ஆன் அரைவல் உண்டு: 5 லட்சம் ரூப்பியா, 30 நாள். ஜகார்த்தாவில் அதை முடித்து, சொரோங் நகருக்கு உள்நாட்டு விமானம் ஏற வேண்டும். நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம், மகாசார் அல்லது மனாடோ வழியாகவும் போகலாம். சொரோங் நேரம் ஜகார்த்தாவைவிட இரண்டு மணி முன்னால். சர்வதேச டிக்கெட்டும் உள்நாட்டு டிக்கெட்டும் தனித்தனியாக இருந்தால் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள், ஏனென்றால் தாமதத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உள்நாட்டு விமானத்தில் பெட்டி எடை வரம்பு வேறாக இருக்கும், டைவ் சாமான் வைத்திருந்தால் முன்கூட்டியே கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள். மாஸ்க், ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் கைப்பையில் வர வேண்டும். மற்றதெல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். லித்தியம் பேட்டரிகளையும் கைப்பையில்தான் அனுமதிப்பார்கள்.

சொரோங்கிலிருந்து வைசாய்க்குப் பயணிகள் கப்பல் இரண்டு மணி நேரம். பொதுவாகக் காலையில் ஒன்று, பிற்பகல் இரண்டு மணிவாக்கில் ஒன்று. பயணத்துக்கு முந்தைய நாள் ஹோம்ஸ்டேக்காரரிடம் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வைசாய் துறைமுகத்தில் அவருடைய படகு காத்திருக்கும். ஆறு மணி தாண்டினால் இருட்டிவிடும். விளக்கில்லாத ஒற்றை இன்ஜின் படகில் இருட்டில் நீரிணையைக் கடப்பது வேண்டாம். கப்பல் தாமதமானால் தயங்காமல் வைசாயில் ஓர் இரவு தங்குங்கள்.

கடல் பூங்கா அனுமதி அட்டையும் நுழைவுக் கட்டணமும் கட்டாயம். அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டவருக்கு 7 லட்சமும் 3 லட்சமும், மொத்தம் 10 லட்சம் ரூப்பியா. அட்டை ஓராண்டுக்குச் செல்லும். இந்தக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கட்டுங்கள். 2007 முதல் வசூலிக்கப்படும் இந்தப் பணம் ரோந்துப் படகுகளுக்கும் கிராமங்களுக்கும் போகிறது. வெடிவைத்தும் சயனைடு ஊற்றியும் மீன் பிடிப்பதை இங்கே கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அந்த ரோந்துக் குழுவில் இருக்கும் ஊர்க்காரர்கள். 2010-இல் ராஜா அம்பட் நிர்வாகம் சுறாக்களுக்கும் மாண்டா திருக்கைகளுக்கும் காப்பிடம் அறிவித்தது. மாண்டாவை நாடு முழுக்கப் பாதுகாத்து இந்தோனேசியா ஆணை போட்டது 2014-இல்.

இனிப் பணம். தீவுகளில் ரொக்கம் மட்டும்தான். வைசாயில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் பணம் இல்லாமல் போவது சாதாரணம். இருவருக்குத் தோராயக் கணக்கு: எட்டு இரவு தங்கல் ஆளுக்கு 5 லட்சம் வீதம் 80 லட்சம். ஆளுக்குப் பத்து டைவ், சாமான் வாடகையோடு ஒன்றுக்கு 6 லட்சம் என்று வைத்தால் 120 லட்சம். வைசாய் போகவர படகு 16 லட்சம், அனுமதி 20 லட்சம், பியாய்னெமோ பயணத்தில் உங்கள் பங்கு 10 லட்சம். ஆக மொத்தம் சுமார் 246 லட்சம் ரூப்பியா. அதாவது ஒரு லட்சம் ரூப்பியாத் தாளில் 246 தாள். பல இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 25 லட்சம்தான் எடுக்க முடியும். பத்துத் தடவை எடுக்க வேண்டும், உங்கள் வங்கியின் தினசரி வரம்பும் குறுக்கே வரும். எனவே ஜகார்த்தாவில் பாதி, சொரோங்கில் பாதி என்று பிரித்து எடுங்கள். சில்லறையாக 50,000, 20,000 தாள்களும் வேண்டும். கிராமத்தில் ஒரு லட்சத்துக்குச் சில்லறை கிடைக்காது.

படகுச் செலவைக் குறைக்க ஒரே வழி பங்கிடுவது. பியாய்னெமோவுக்குப் படகு 25 லட்சம் என்று வைத்துக்கொண்டால் இருவர் போனால் ஆளுக்கு 12.5 லட்சம், ஆறு பேர் போனால் 4 லட்சத்துச் சொச்சம். வந்து சேர்ந்த முதல் இரவே சாப்பாட்டு மேசையில் மற்றவர்களிடம் பேசிவைத்தால் மூன்று நாளில் ஆள் சேர்ந்துவிடும். பேரம் பேசிப் படகுக்காரரின் கூலியைக் குறைப்பதைவிட இது நியாயமானது. பெட்ரோல் அந்தத் தீவுகளுக்கு டிரம்மில் வருகிறது, விலை சொரோங்கைவிடக் கூட. அவர் சொல்லும் தொகையில் பெரும்பகுதி எரிந்து போகும் எண்ணெய்தான்.

டைவிங்குக்கு வருகிறேன். பதினைந்து டைவ் குறைவு என்று சொல்லி உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் புறப்படும் முன் மூன்று விஷயங்கள் கைவர வேண்டும்: மூச்சாலேயே மிதப்பைச் சரிசெய்து தரையைத் தொடாமல் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, நீரின் நடுவிலிருந்தே மேற்பரப்புக் குறிமிதவையை ஊதி அனுப்புவது, காற்று நிரப்பாத பிசிடியோடு (மிதப்பைச் சரிசெய்யும் காற்று ஜாக்கெட்) படகிலிருந்து விழுந்து நேராகக் கீழே இறங்குவது. மூன்றாவதை நெகட்டிவ் என்ட்ரி என்பார்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் மேலே மிதந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஓகே காட்டிக்கொண்டிருந்தால், ஒரு நிமிடத்தில் பாறை உங்களைவிட்டு ஐம்பது மீட்டர் போயிருக்கும். அட்வான்ஸ்டு படிப்பை டிரிஃப்ட் டைவோடு, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவோடு, சேர்த்து முன்பே முடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

காற்றுக் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் அலுமினிய டேங்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் மேலே வர வேண்டும் என்றால் பயன்படுத்தக் கிடைப்பது 150 பார், அதாவது 1,665 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் 56 லிட்டர் ஆகும். ஏறத்தாழ 30 நிமிடம் வரும். அதே ஆள் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படித்தால் மூச்சு 35 லிட்டருக்கு எளிதாக ஏறும். அப்போது நிமிடத்துக்கு 98 லிட்டர், 17 நிமிடத்தில் காற்று முடிந்தது. நீரோட்டத்தில் நீந்தாதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கைடு பாறையின் மறைவுக்குப் போனால் நீங்களும் மறைவுக்குப் போங்கள், தரையை ஒட்டியே இருங்கள். அங்கே வேகம் பாதியாகும்.

க்ரி முனை, ப்ளூ மேஜிக், சார்டின் ரீஃப் ஆகிய நீரோட்டம் வேகமான இடங்களை முதல் நாளே கேட்காதீர்கள். முதல் டைவ் தங்கும் இடத்துப் படகுத்துறையிலேயே இருக்கட்டும்: வாடகைச் சாமான் சரியா, எத்தனை கிலோ ஈயம் வேண்டும் என்று அங்கே தெரிந்துவிடும். அடுத்து சவந்தரெக், யென்புபா, ஃப்ரிவென் சுவர், ஆர்போரெக் ஜெட்டி. இவை சின்ன இடங்கள் என்று நினைக்க வேண்டாம். ஆர்போரெக் ஜெட்டித் தூண்களுக்கு நடுவே மீன் கூட்டம் சுவர் போல நிற்கும், உள்ளே நுழைந்தால் விலகி வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொள்ளும். சவந்தரெக்கில் ஆமைகளும் பெரிய சிப்பிகளும். பாறை இடுக்குகளில் வொபெகாங் சுறா படுத்திருக்கும்: தட்டையான உடம்பு, பாசி படிந்த கம்பளம் போன்ற தோல், வாயைச் சுற்றிக் கிளைகிளையாகத் தொங்கும் தாடி. கை ஊன்ற இடம் தேடுபவர்கள் அதன் மேலேயே கை வைத்துவிடுவது உண்டு. எங்கேயும் கை ஊன்றாமலிருக்க இதுவும் ஒரு காரணம். இரவில் கரையோர ஆழமற்ற பாறையில், முழங்கால் அளவு தண்ணீரில், துடுப்புகளைக் கால் போல ஊன்றி நடக்கும் சுறா ஒன்று இரை தேடி வரும். உலகிலேயே ராஜா அம்பட்டில் மட்டும் வாழும் இனம் அது. பார்க்க டைவ்கூட வேண்டாம், ஸ்நார்க்கலும் விளக்கும் போதும்.

க்ரி முனைக்குப் போகும் நாளில் கைடு பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் காத்திருந்தால் நீங்களும் காத்திருங்கள். ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் நடுவில் சரியான பொழுது வர வேண்டும். நீரோட்டம் இரண்டாகப் பிரியும் அந்த முனையில்தான் பாரை, சீலா, செப்பிலிக் கூட்டங்களும் சாம்பல் சுறாக்களும் நிற்கும். தவறான இடத்தில் மாட்டினால் கீழ்நோக்கி இழுக்கும் ஓட்டம் வரும். அறிகுறி எளிது: உங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போகும், சுவரோரம் மீன்கள் தலையை மேல்நோக்கி வைத்து நீந்தும். அப்போது மேல்நோக்கி அடித்துப் போராட வேண்டாம். பாறையை ஒட்டியிருந்தால் செத்த பாறையைப் பிடித்துப் பிடித்து மேலேறுங்கள், பிடிக்க வழியில்லையென்றால் சுவரைவிட்டு விலகிக் கடல் பக்கமாகக் குறுக்கே நீந்துங்கள். பிசிடியில் சிறிது காற்று சேர்க்கலாம். ஆனால் ஓட்டம் விட்ட அடுத்த நொடி அந்தக் காற்று உங்களை ராக்கெட் மாதிரி மேலே தள்ளும், ஆகவே கை வெளியேற்றும் பொத்தானிலேயே இருக்க வேண்டும். கயிறு கட்டிய கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்கும் முறை இங்கே பலருக்குப் பழக்கம். பழகாதவர் அதை உயிருள்ள பவளத்தில் மாட்டிப் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் பிய்த்துவிடுவார். இந்தத் தடவை உங்களுக்குக் கொக்கி வேண்டாம்.

மாண்டாவுக்கு மாண்டா சாண்டி. சுமார் 15 முதல் 18 மீட்டர் ஆழத்தில் மணல் தரை, நடுவில் சில பவளத் திட்டுகள். சிறு மீன்கள் உடம்பைச் சுத்தம் செய்வதற்காக மாண்டாக்கள் அங்கே வந்து சுற்றும். டைவர்களுக்கு மணலில் ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறது, அதற்குப் பின்னால் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து படமெடுக்க முன்னே போனால் மாண்டா திரும்பிப் போய்விடும், அன்று அத்தனை பேருக்கும் காட்சி முடிந்தது. துரத்தாமல் இருந்தால் அதுவே தலைக்கு மேல் வரும். அப்போது மூச்சை மெதுவாக விடுங்கள், குமிழி வயிற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைவ் சென்டரிடம் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு கைடுக்கு எத்தனை டைவர்? நான்குக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். கம்ப்ரசரின் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள்? டேங்கைத் திறந்து முகர்ந்தால் எண்ணெய் வாடை வந்தால் அந்த டேங்கோடு இறங்காதீர்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, சிலிண்டர் எவ்வளவு பெரிது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடம்பில் வாயுக் குமிழி உண்டாவது) வந்தவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுக்க வேண்டும். ஐந்து லிட்டர் சிலிண்டர் 200 பாரில் 1,000 லிட்டர், ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். அங்கிருந்து சொரோங் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும். இரண்டு சிலிண்டராவது நிரம்பியிருக்கிறதா என்று அளவுமானியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நோய்க்கு உயர் அழுத்தத்தில் சிகிச்சை தரும் ஹைப்பர்பாரிக் அறை அருகில் எங்கே இயங்குகிறது என்பதையும், ஆபத்தில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் தடுமாறினால் அதுவே பதில். விமானத்தில் தூக்கிச் செல்வதையும் உள்ளடக்கிய டைவிங் காப்பீடு இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. இந்தத் தொலைவை நினைத்தே ஆழத்தையும் நேரத்தையும் ஒரு படி குறைத்து வையுங்கள். கம்ப்யூட்டர் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று காட்டினாலும் மேலே வரத் தொடங்கலாம்.

கடலுக்குக் கெடுதல் செய்யாமல் என்று கேட்டீர்கள். பெரிய கெடுதல்களை ஒரு பயணி செய்வதில்லை. 2017 மார்ச்சில் ஒரு சுற்றுலாக் கப்பல் வற்று நேரத்தில் க்ரிக்கு அருகே பாறையில் ஏறி ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பவளத்தை நொறுக்கியது. 2025 ஜூனில் இந்தத் தீவுகளில் நிக்கல் சுரங்கத்துக்கு எதிர்ப்பு வலுத்து, ஐந்து உரிமங்களில் நான்கை அரசு ரத்து செய்தது. காக் தீவில் சுரங்கம் தொடர்கிறது. இந்தச் சூழலில் உயிருள்ள கடல் தங்களுக்குச் சோறு போடுகிறது என்று ஒரு கிராமம் சொல்ல முடிவதற்கு, நீங்கள் ஊர்க்காரர் வீட்டில் தங்கிக் கொடுக்கும் பணம் நேரடிக் காரணமாகிறது. கப்பலில் போவதைவிட ஹோம்ஸ்டே மேல் என்று நான் சொல்வது செலவுக்காக மட்டுமில்லை.

சாசி என்ற வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடலின் ஒரு பகுதியை ஊரே சேர்ந்து, பிரார்த்தனையோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைப்பார்கள். கடல் அட்டை, லோலா சிப்பி, சிங்கி இறால் பெருகிய பிறகு திறப்பார்கள். மிசூலின் கப்பட்சோல் கிராமத்தில் பெண்களே 2011 முதல் அப்படி ஒரு பகுதியை நிர்வகிக்கிறார்கள். குறி நட்டிருக்கும் பகுதியில் கேட்காமல் ஸ்நார்க்கலோடு இறங்கக் கூடாது. இங்கே ஏறக்குறைய அழிந்துபோன சுறா ஒன்றைத் திரும்பக் கொண்டுவரும் வேலையும் நடக்கிறது: வெளிநாட்டு மீன்காட்சியகங்களில் இடப்பட்ட வரிச்சுறா முட்டைகளை இங்கே பொரிக்கவைத்து, 2023 ஜனவரியில் முதல் குட்டிகளைக் கடலில் விட்டார்கள்.

உங்கள் கையில் இருப்பவை சிறிய காரியங்கள், ஆனால் நிஜமானவை. சன்ஸ்கிரீனைத் தடவுவதைவிட முழுக்கைச் சட்டை போடுங்கள். தண்ணீர் பெரிய கேனிலிருந்து எடுக்கலாம், பாட்டில் கொண்டுபோங்கள். தீவில் குப்பை போக வழி இல்லை, எரிப்பார்கள் அல்லது கடலில் சேரும். தீர்ந்த பேட்டரி, பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் திரும்பி எடுத்து வாருங்கள். படகுக்காரர் பவளத்தின் மேல் நங்கூரம் போடப் போனால், மணல் இருக்கும் இடத்தைக் காட்டி மரியாதையாகக் கேளுங்கள். வயதில் மூத்த ஆண்களை பாப்பா என்றும் பெண்களை மாமா என்றும் கூப்பிடுவது அங்கே வழக்கம். கிராமத்துக்குள் நீச்சலுடையோடு நடக்க வேண்டாம். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போவார்கள், படகு கேட்காதீர்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 24 வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வரும் உலர்ந்த பொழுதைக் காட்டுக்குக் கொடுங்கள். காம் தீவின் சவிங்கிராய் கிராமத்தில் விடியற்காலை மேட்டில் ஏறினால் சிவப்புச் சொர்க்கப் பறவை மரக்கிளையில் ஆடுவதைப் பார்க்கலாம். இதே பறவையைத் தேடித்தான் 1860-இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் இந்தத் தீவுகளுக்கு வந்து தங்கினார். வைகியோவில் வில்சன் சொர்க்கப் பறவை: வைகியோ, பதந்தா இரண்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆண் பறவை தரையில் ஒரு சிறு முற்றத்தை இலை ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிச் சுத்தம் செய்துவிட்டு அங்கே நின்று ஆடும். பொழுது விடியும் முன் மறைவிடத்தில் போய் உட்கார வேண்டும், பேசக் கூடாது, ஃபிளாஷ் கூடாது.

நாட்களை இப்படி அடுக்கலாம். முதல் நாள் காலை சொரோங், பிற்பகல் கப்பல், மாலைக்குள் க்ரி அல்லது மன்சுவார். இரண்டாம் நாள் படகுத்துறையில் ஒரு டைவ், பிற்பகல் ஓய்வு. மூன்று முதல் ஐந்து வரை சுலபமான இடங்கள், நாளுக்கு இரண்டு டைவ். ஆறாம் நாள் பியாய்னெமோவும், வழியிலுள்ள டைவ் இடமான மெலிசாஸ் கார்டனும். ஏழாம் நாள் மாண்டா சாண்டி, கைடு சம்மதித்தால் க்ரி முனை. எட்டாம் நாள் காலையில் கடைசி டைவ். ஒன்பதாம் நாள் விடியலில் பறவை, பிற்பகல் கப்பலில் சொரோங், இரவு அங்கே. பத்தாம் நாள் விமானம். கடல் கொந்தளித்து ஒரு நாள் போனால் பியாய்னெமோவை விட்டுவிடுங்கள், சொரோங் இரவை விடாதீர்கள்.

உடம்பு விஷயத்தில் முதல் கவலை மலேரியா. பப்புவாவில் ஃபால்சிபாரம், விவாக்ஸ் என்ற இரண்டு வகை மலேரியாக் கிருமியும் உண்டு. புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கேளுங்கள், டைவ் செய்யப் போவதாகவும் சொல்லுங்கள். மெஃப்ளோக்வின் தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் தரக்கூடியது என்பதால் டைவர்களுக்கு ஏற்றதில்லை. டாக்சிசைக்ளின் எடுத்தால் வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும். மாலையிலிருந்து முழுக்கை, முழுக்கால் உடை, வலைக்குள் தூக்கம். பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் சீழ் வைத்து டைவிங் நின்றுபோகும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் காதை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்திவைக்க வேண்டும். அலையாத்திக் காடுகளில் உப்புநீர் முதலை உண்டு, ஊர்க்காரர் வேண்டாம் என்று சொல்லும் கழியில் இறங்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், ஒரு வாரத்தில் வந்தாலும் சரி, பல மாதம் கழித்து வந்தாலும் சரி, பப்புவா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து பிறகு எழும். அதை வேரறுக்க வேறு மாத்திரை தேவை, அதைக் கொடுக்கும் முன் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் தேவை.